கோழிகளுக்குக் குறைந்துபோன பகல்

கண்ணாடியக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பாள். மூக்கின்மேல் பாட்டில் அடிபோலக் கனத்த கண்ணாடி. பதினாறு வருஷம் பட்டன் தொழிற்சாலையில் உட்கார்ந்து, கீறல் விழுந்த பட்டன் எது, விழாத பட்டன் எது என்று பிரித்துப் பிரித்துக் கண் கெட்டுப்போயிற்று. தொழிற்சாலையை மூடிய பிறகு நாங்கள் இருந்த முட்டைப் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள்.

"பட்டன் நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசாது. கோழி பேசும். எனக்கு இது பதவி உயர்வு" என்று வந்த அன்றைக்கே சொன்னாள்.

அவளைக் கூட்டி வந்தது அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. வாய் ஓயாது என்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அண்ணிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள் தான்தான் என்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஒலிபரப்பாமல் இருக்க மாட்டாள். அக்கா அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை.

பண்ணையில் இரண்டு ஷெட்டுகள். ஒன்று ரோட்டை ஒட்டி, வளைவுக்குப் பக்கத்தில். இன்னொன்று பின்னால், மரங்கள் தாண்டி. ரோட்டு ஷெட் ரேடியோவுக்கு, பின்பக்க ஷெட் அக்காவுக்கு. இரண்டிலும் ஒரே வயசுக் கோழிகள், ஒரே தீவனம், ஒரே தண்ணீர். நான் முட்டை அறையில் இருந்தேன். அங்கே மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, பெட்டியின் பக்கத்தில் ஒரு ஓட்டை. முட்டையை ஓட்டையில் வைத்தால் உள்ளே வெளிச்சம் பாய்ந்து, விரிசலும் ரத்தப் பொட்டும் தெரிந்துவிடும். நல்லதை அட்டையில் அடுக்குவேன். ஆகாததன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தனியே வைப்பேன். இதுதான் என் வேலை. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காத எனக்குக் கடவுள் கொடுத்த நல்ல வேலை.

முதலாளி அதற்கு முன்னால் இருபது வருஷம் ஷூக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர், அவ்வளவுதான். வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் பண்ணையை ஆரம்பித்தார். அவருக்கும் கோழியைப் பற்றித் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோழிகளுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பண்ணை நடந்தது. கோடை முழுக்க அட்டை அட்டையாக முட்டை வந்து குவிந்தது. எனக்குக் கை வலித்தது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு, "இவ்வளவு லேசுன்னு தெரிஞ்சிருந்தா மத்தவன் கால்ல ஷூ மாட்டி என் முதுகை ஒடிச்சிருக்க மாட்டேனே" என்றார்.

வெயில் தணிந்து, சாயங்காலம் ஐந்தரைக்கே விளக்குப் போடுகிற காலம் வந்தது. பின்பக்க ஷெட்டில் முட்டை குறைய ஆரம்பித்தது. இருபது அட்டை வந்த இடத்தில் பதினேழு. அப்புறம் பதினான்கு. பிறகு ஒன்பது. ரோட்டு ஷெட்டில் மட்டும் அதே இருபது.

அக்கா பயந்துபோனாள். தீவனத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினாள். முட்டையிடும் பெட்டிகளில் புது வைக்கோல் போட்டாள். எலி இருக்கிறதா என்று மண்டியிட்டு மூலை மூலையாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு மத்தியானம் முதலாளி முட்டை அறைக்கு வந்து கதவோரமாக நின்றார். நாங்கள் ஏழு பேர் இருந்தோம். அக்கா அப்போதுதான் தன் அட்டைகளைக் கொண்டு வந்து இறக்கினாள்.

"ஒன்பதா?" என்றார்.

"ஒன்பதுதாங்க."

"அங்க இருபது, இங்க ஒன்பது. ஒரே கோழி, ஒரே தீவனம். கடையில ஒரு ஜோடி ஷூ குறைஞ்சா அது தானா நடந்து போச்சுன்னு நான் நினைக்கமாட்டேன். யாரோ எடுத்திருக்காங்கன்னுதான் அர்த்தம். பின்பக்க வேலியத் தாண்டினா சந்தை."

"நான் எடுக்கலீங்க" என்றாள் அக்கா.

"அப்போ கோழியே எடுத்துச் சாப்பிட்டுச்சா?"

அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. அவள் எடுக்கிறவள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரையில் வந்தது, வெளியே வரவில்லை. அதற்காகப் பின்னால் பல நாள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கேட் பக்கம் ரேடியோ அவளை மறித்தாள்.

"அண்ணி, நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"வீட்டுக்கு ரெண்டு மூணு கொண்டு போனீங்களா? பிள்ளைங்களுக்காக? சொல்லிடுங்க, நான் முதலாளிகிட்டப் பக்குவமாப் பேசிப்பேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் அவளுக்கு எதிரே இருக்கிற ஆள் வெறும் நிழல்தான். "நீ எங்க வீட்டுலதானே ஞாயித்துக்கிழமை சாப்பிட்ட? இலையில முட்டை இருந்துச்சா?"

ரேடியோ அன்றைக்கு முதல் முறையாக நின்றுபோனது.

முதலாளி கடைக்காரப் புத்தியில் ஒரு தந்திரம் செய்தார். ஆளை மாற்றினார். ரேடியோ பின்பக்க ஷெட்டுக்கு, அக்கா ரோட்டு ஷெட்டுக்கு. களவு கையில் இருந்தால் கையோடு போகும், இனி ரோட்டு ஷெட்டில் முட்டை குறையும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்பது அவர் யோசனை.

ஒரு வாரம் ஆயிற்று. ரோட்டு ஷெட்டில் அக்காவின் கையில் இருபது அட்டை. பின்பக்க ஷெட்டில் ரேடியோவின் கையில் எட்டு.

எங்களுக்கெல்லாம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அக்காவின் மேல் விழுந்த பழி கழுவிப் போய்விட்டது என்றே நினைத்தோம். முதலாளி எங்களை விட ஒரு படி மேலே யோசித்தார்.

"ஓகோ, அண்ணியும் நாத்தனாரும் கூட்டு" என்றார்.

ரேடியோ கூரை பறக்கும்படி கத்தினாள். "நானா? நானா கூட்டு? நாங்க ரெண்டு பேரும் ஒரு புடவை எடுக்கவே மூணு கடை ஏறி இறங்கிச் சண்டை போடுவோம், இதுல களவாடக் கூட்டு சேர்வோமா?"

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன். முட்டை ஏறலன்னா ரெண்டு பேரும் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ரேடியோ மரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முன்னால் கேட்டதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம்தான் அந்த விஷயம் அக்காவின் கண்ணில் பட்டது. ரோட்டு ஷெட்டில் கதவை அடைக்கப் போனவள் அப்படியே நின்றாள். அன்றைக்கு வேலை முடிய ஏழு மணி ஆகிவிட்டிருந்தது. வெளியே கன்னங்கரேலென்று இருட்டு. கோழிகளோ தீவனத் தொட்டியைச் சுற்றி நின்று கொத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூடத் தூங்குகிற கட்டையில் ஏறி உட்காரவில்லை.

அவள் என்னைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாரேன். இதுங்களுக்குத் தூக்கமே வரலியா? பின்பக்க ஷெட்டுல அஞ்சரைக்கே அத்தனையும் கட்டையில ஏறி, தலையச் சிறகுல செருகிக்கும். நான்தான் தினம் பார்த்திருக்கேனே."

நான் சுற்றிலும் பார்த்தேன். "இங்க வெளிச்சமா இருக்கே அக்கா."

வளைவில் நின்ற உயரமான தெருவிளக்கு, கம்பி வலை வழியாக ஷெட்டின் பாதியை நனைத்துக்கொண்டிருந்தது. பின்பக்க ஷெட்டுக்கு எந்த விளக்கும் கிடையாது. சூரியன் போனால் போனதுதான்.

அக்கா அந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "இதுங்களுக்குக் கோடை இன்னும் முடியல" என்றாள்.

அடுத்த நாள் காலையில் முட்டை ஏற்ற லாரி வந்தது. லாரி அண்ணன் வடக்கும் தெற்குமாக ஆயிரம் மைல் ஓட்டுகிறவர். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் பழைய புத்தகம் வாங்கிப் படிப்பவர். அக்கா அவரிடம் நேராகவே கேட்டாள்.

"அண்ணே, வெளிச்சம் குறைஞ்சா கோழி முட்டையக் குறைக்குமா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அட! வடக்க ஒரு பண்ணையில குளிர்காலம் பூரா ஷெட்டுல லைட்டு எரியும். நான் அதுங்கள வசதியான வீட்டுக் கோழின்னு நினைச்சிட்டேன்."

"வடக்கயா?"

"ஆமா. வடக்க போகப் போக இந்த மாசத்துல இங்க விட சீக்கிரம் இருட்டும். உலகத்தோட வடக்கு ஓரத்துல மூணு மணிக்கே லைட்டப் போடணும்னு புத்தகத்துல படிச்சேன். அங்கயே கோடையில பத்து மணிக்கும் பொழுது சாயாதாம். தெற்க போனா ரொம்ப வித்தியாசம் தெரியாது."

ரேடியோ குறுக்கே வந்தாள். "குளிர்காலத்துல சூரியன் தூரமா போயிடுது. இதுகூடத் தெரியாதா?"

"தூரம் போனா வெளிச்சம் மங்கும். நேரம் எப்படிம்மா குறையும்? அதோட, நமக்குக் குளிர்ற காலத்துலதான் சூரியன் கொஞ்சம் கிட்டவே இருக்குதாம். விஷயம் தூரத்துல இல்ல, சாய்வுல. ஒரு முட்டை குடு."

நான் விரிசல் விட்ட முட்டை ஒன்றைக் கொடுத்தேன். அண்ணன் அதன் மேல்பாகத்தில், மோதிரம் போட்டதுபோல் பென்சிலால் ஒரு வட்டக் கோடு இழுத்து, கோட்டில் ஒரு புள்ளி வைத்தார். "இந்தப் புள்ளிதான் நம்ம ஊர்." என் பெட்டியின் தகரத்தைத் தூக்கி எடுத்துவிட்டார். பல்பு மேஜை நடுவில் மொட்டையாக எரிந்தது. "இது சூரியன். இப்ப பாரு. முட்டை நேரா நின்னு சுத்தினா, புள்ளிக்குப் பாதி நேரம் வெளிச்சம், பாதி நேரம் இருட்டு. வருஷம் பூரா ஒரே அளவு பகல். ஆனா பூமி நேரா நிக்கல. இப்படிச் சாஞ்சிருக்கு."

முட்டையின் தலையை ஜன்னல் பக்கமாகச் சாய்த்தார்.

"நான் எங்க நடந்தாலும் சாய்வ மாத்த மாட்டேன், ஜன்னலப் பாத்தேதான் சாயும். கவனிங்க." கதவுப் பக்கமாகப் போய் நின்றார். பல்பு இப்போது முட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அதனால் முட்டையின் தலை பல்பை நோக்கிச் சாய்ந்திருந்தது. விரலால் உருட்டினார். புள்ளி ரொம்ப நேரம் வெளிச்சத்திலேயே ஊர்ந்து, சட்டென்று இருட்டைத் தொட்டு, உடனே வெளியே வந்தது. "கோடை. நீளப் பகல்."

மேஜையைச் சுற்றி ஜன்னல் பக்கத்துக்கு வந்தார். சாய்வு அதே ஜன்னலை நோக்கித்தான். ஆனால் இப்போது முட்டையின் தலை பல்புக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. உருட்டினார். புள்ளி வெளிச்சத்தில் தலையைக் காட்டிவிட்டு அவசரமாக இருட்டுக்குள் போயிற்று.

"அம்மாடி" என்றாள் அக்கா. முட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பல்பு அப்படியேதான் எரியுது. நாமதான் திரும்பிக்கிட்டோம்."

"அவ்வளவுதான். சூரியனச் சுத்திவர ஒரு வருஷம். பாதி வருஷம் அது பக்கமா சாஞ்சிருக்கோம், மீதிப் பாதி தள்ளிச் சாஞ்சிருக்கோம். முட்டையோட உச்சிக்குக் கிட்ட இருக்கிற ஊருக்கு வித்தியாசம் அதிகம், நடுவுல இருக்கிற ஊருக்குக் கம்மி."

"பூமியச் சாச்சது யாரு?" என்று கேட்டாள் ரேடியோ. இதற்கு அண்ணன் பதில் யோசிக்கும்போது முட்டை கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

"போச்சு, நம்ம ஊரையும் சேத்து உடைச்சிட்டீங்க" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே நான் துணி கொண்டு வந்து துடைத்தேன். இத்தனை பெரிய உருண்டையை இத்தனை காலமாகக் கை நழுவாமல் சாய்த்துப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருக்கிற கடவுளை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. குஞ்சு பொரித்தால் வாழாத குளிர்காலத்தில் முட்டையிடாதே என்று கோழியின் கண்ணுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தையும் வைத்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் களவு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்கா அன்றே முதலாளியிடம் போனாள். பின்பக்க ஷெட்டில் பொழுது சாய்ந்த பிறகு மூன்று மணி நேரம் விளக்கு எரிய வேண்டும் என்றாள்.

"எதுக்கு? கோழி பரீட்சைக்குப் படிக்கப் போகுதா?"

அக்கா விளக்கிச் சொன்னாள். அவர் பாதிதான் கேட்டார். லாரி அண்ணனும் சொன்னார். அதற்குப் பிறகு முதலாளி, "விளக்கு நான் வாங்கித் தரமாட்டேன். நீங்களே கொண்டு வந்து மாட்டிக்கோங்க. மாசக் கடைசிக்கு மூணு வாரம் இருக்கு. அதுவரைக்கும்தான்" என்றார்.

அக்கா வீட்டில் சமையலறைக்கென்று நல்ல விளக்கு ஒன்று இருந்தது, நீளமான ஒயரும் மூடியும் வைத்தது. அதைக் கழற்றி எடுத்துவந்துவிட்டாள். அந்த மூன்று வாரமும் அவள் வீட்டில் முன்னறை வெளிச்சம் எட்டிப்பார்க்கிற அளவில்தான் சமையலும் சாப்பாடும். அவள் புருஷன் கொத்தனார். "சோத்துக்கு வாய் எங்க இருக்குன்னு கண்ணு பார்த்தா கண்டுபிடிக்குது? கைக்குத் தெரியும்" என்று சொல்லிச் சாப்பிட்டாராம்.

முதல் நாள் எட்டரைக்கு அக்கா விளக்கைப் பட்டென்று அணைத்தாள். கோழிகள் தரையில் நின்ற இடத்திலேயே திகைத்து, ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு கத்தின. கட்டைக்கு வழி தெரியவில்லை. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. ரேடியோ முழங்கை வரையில் கொத்து வாங்கினாள்.

"சூரியன் இப்படியா அணையுது? இல்லையே" என்றாள் அக்கா. மறுநாளிலிருந்து, அணைப்பதற்கு அரை மணி முன்னால் ஒரு தகரத் தட்டை எடுத்து விளக்குக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஷெட்டுக்குள் மெதுவாகப் பொழுது சாய்ந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கட்டை ஏறின. கை கடுக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

முதல் வாரம் எட்டு அட்டை. இரண்டாவது வாரமும் எட்டு. ஒரு நாள் ஏழு.

ரேடியோ சோர்ந்துபோனாள். "அண்ணி, வேற வேலை தேடலாம். துணி துவைக்கிற இடத்துல ஆள் கேக்கிறாங்க."

"வேலை கிடைக்கும். திருடின்னு பேரோட போனா அந்தப் பேரும் நம்மகூடவே வரும்" என்றாள் அக்கா. தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். பிரார்த்தனை செய்தேன். கோழிக்காகப் பிரார்த்தனை செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. செய்தேன்.

மூன்றாவது வாரத்தின் இரண்டாம் நாள் பத்து அட்டை வந்தது. நான் மறுபடி எண்ணினேன். பத்துதான். அடுத்த நாள் பதினொன்று. மாசக் கடைசியில் பதினைந்து. கோடையின் இருபது அல்ல, ஆனாலும் பதினைந்து. ஓட்டையில் வைத்துப் பார்த்த ஒவ்வொரு முட்டையும் அன்றைக்கு எனக்குச் சின்ன விளக்காகத் தெரிந்தது.

முதலாளி அட்டைகளைப் பார்த்தார். பேசாமல் போய்விட்டார். மறுநாள் பின்பக்க ஷெட்டில் மாட்டப் புது விளக்குகள் நாலு வந்து இறங்கின. அக்காவின் விளக்கைக் கழற்றி, தூசி தட்டி, ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினார். அத்தோடு முடிந்தது என்று அவர் நினைத்திருப்பார்.

அக்கா விளக்கைக் கையில் வாங்கியவள், நேராக அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். நானும் ரேடியோவும் பின்னால் போனோம்.

"முதலாளி, ஒரு வார்த்தை."

"அதான் சரியாப்போச்சே. வேலையத் தொடர்ந்து பாருங்க."

"வேலை சரியாப்போச்சுங்க. நீங்க என்னைக் களவாணின்னு சொன்னது முட்டை அறையில, ஏழு பேருக்கு முன்னாடி. இல்லைன்னும் அங்கதான் சொல்லணும்."

அவர் முகம் சுருங்கியது. "நான் மனசுல வருத்தப்பட்டேன்மா."

"மனசுல பட்டா எனக்குக் கேக்கலீங்களே. அவங்களுக்கும் கேக்கல."

ரேடியோ வாயைத் திறக்கப் போனாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். முதலாளி பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்தார்.

முட்டை அறையில் வந்து நின்றார். எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "இந்தம்மா முட்டை எடுக்கல. நாத்தனாரும் எடுக்கல. யாருமே எடுக்கல. பகல் குறைஞ்சுது, எனக்குத் தெரியல. நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். தப்பு என்னோடது." கடை நடத்திய மனிதர், இருபது வருஷத்தில் யாரிடமும் இப்படி நின்றிருக்க மாட்டார்.

பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, மெதுவாக, "இப்போ கோபம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியைச் சரியாக மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"கோழிக்கே மூணு வாரம் ஆச்சு முதலாளி. எனக்கும் கொஞ்ச நாள் குடுங்க."

அவர் தலையாட்டினார். ரேடியோ சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாங்கள் மறுபடி வேலையைப் பார்த்தோம்.